கேள்வி – பதில்: பழைய மருந்து, புது நோய்

கேள்வி: உயிர்த்தகவலியல் படிக்கிறேன். ஆய்வகம் கிடையாது, லேப்டாப் மட்டும்தான். ஒரு நோய்க்குப் பொருந்தும் பழைய மருந்தை இதை வைத்தே தேட முடியுமா? – வாசகி, திருச்சி

தாராளமாக. நோய் சில மரபணுக்களின் வேலையை ஏற்றிவிடும், சிலவற்றை இறக்கிவிடும். அதை நேர் எதிராகத் திருப்பும் மருந்தைத் தேடுவதே முறை. எந்த மருந்து செல்லில் எந்த மரபணுக்களை ஏற்றுகிறது, இறக்குகிறது என்று பதிந்த தரவு கனெக்டிவிட்டி மேப். அமெரிக்காவின் பிராட் இன்ஸ்டிட்யூட் 2006-ல் 164 சேர்மங்களோடு தொடங்கியது. 2017-ல் பதிவுகள் பத்து லட்சத்தைத் தாண்டின.

ஜியோ (GEO) என்ற பொது மரபணுத் தரவுத்தளத்தில் நோயாளி, நலமானவர் இரு தரப்பு மாதிரியும் உள்ள ஆர்என்ஏ தரவை (எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்ற அளவீட்டை) எடுங்கள். குழுவுக்கு மூன்று மாதிரி என்பது பேருக்குத்தான். மனிதத் திசு என்றால் குழுவுக்குக் குறைந்தது பத்து மாதிரி இருக்கட்டும். நோயாளி மாதிரிகளை ஒரு நாளும் மற்றவற்றை வேறொரு நாளும் ஓட்டியிருந்தால் அந்தத் தரவைத் தொடாதீர்கள். வித்தியாசம் நோயால் வந்ததா, நாளால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. இரு குழுவையும் ஒப்பிடும் டீசீக்2 (DESeq2) மென்பொருளுக்கு மாற்றாத மூல எண்ணிக்கையைக் கொடுங்கள். டிபிஎம் (TPM) என்ற சமன்செய்த அளவாக மாற்றியதைக் கொடுத்தால் கணக்கு தப்பும். திருத்திய பி மதிப்பு (தற்செயலாக வந்த வித்தியாசங்களை வடிகட்டும் எண்) 0.05-க்குக் கீழே உள்ளவற்றில் அதிகம் ஏறியவை, அதிகம் இறங்கியவை என இரு பட்டியல் போடுங்கள். கனெக்டிவிட்டி மேப்பில் தேட உதவும் க்ளூ (CLUE) தளம் ஒவ்வொரு பட்டியலிலும் 10 முதல் 150 மரபணு வரை ஏற்கும். ஒவ்வொரு மருந்துக்கும் வரும் மதிப்பெண் -100 (நேர் எதிர்) முதல் +100 (நோயைப் போலவே) வரை. -90-க்குக் கீழே வருபவை பார்க்கத் தகுந்தவை.

பட்டியலை எக்செலில் திறக்காதீர்கள். ‘செப்ட்2’ என்ற மரபணுவை அது செப்டம்பர் 2 ஆக்கிவிடும். இந்தத் தொல்லையால் 2020-ல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். பழைய கோப்புகளில் இன்னும் தேதிகள் கிடக்கின்றன.

கேள்வி: எந்த நோயைக் கொடுத்தாலும் வோரினோஸ்டாட், போர்டிசோமிப் என்று புற்றுநோய் மருந்துகளே முதலில் வருகின்றனவே? – வாசகர், மதுரை

இவை எந்தச் செல்லிலும் ஏராளமான மரபணுக்களைக் கலைத்துப்போடும் மருந்துகள். அதனால் எந்தப் பட்டியலோடும் கொஞ்சம் ஒத்துப்போகும். மற்ற தேடல்களோடு ஒப்பிட்டுப் போடும் மதிப்பெண் இதை ஓரளவு சரிசெய்யும், முழுதாக அல்ல. ஒரே மருந்து வெவ்வேறு செல்வகைகளில் ஒரே திசையில் வருகிறதா என்று பாருங்கள். செல்லில் அதே புரதத்தை இலக்காகக் கொண்ட நாலைந்து மருந்துகள் சேர்ந்து வந்தால் நம்பிக்கை கூடும்.

மருந்தின் அளவுதான் பலர் கோட்டை விடும் இடம். கனெக்டிவிட்டி மேப்பில் பெரும்பாலும் 10 மைக்ரோமோலார் (செறிவின் அலகு) மருந்தை 6 அல்லது 24 மணி நேரம் வைத்து அளக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் புற்றுநோய்ச் செல்களில். வழக்கமான மாத்திரைக்கு ரத்தத்தில் உச்சமே 0.5 மைக்ரோமோலார் என்றால் இருபது மடங்கு இடைவெளி; அந்தப் பெயரை அடித்துவிடலாம். நேரடியாக அளப்பது 978 மரபணுக்களைத்தான், மற்றவை கணித்து நிரப்பியவை என்பதும் நினைவிருக்கட்டும். இன்னொன்று: அழற்சியுள்ள திசுவில் வெள்ளணுக்கள் வந்து குவிந்திருக்கும். அப்போது உங்கள் ‘ஏறிய’ மரபணுக்கள் அந்த விருந்தாளிகளுடையவை. செல் விகிதத்தைக் கணித்துத் திருத்தாமல் மேலே போகாதீர்கள்.

கேள்வி: இதனால் நிஜமாக யாருக்காவது பலன் உண்டா? தங்கைக்குக் குரோன்ஸ் குடல் அழற்சி. வலிப்பு மருந்தான டோபிரமேட் கேட்கும் என்று படித்தேன். – வாசகர், நெல்லை

பலன் உண்டு. மூட்டுவாத மருந்தான பாரிசிடினிபைக் கோவிட்டுக்குப் பரிசீலிக்கலாம் என்று 2020 பிப்ரவரியில் லண்டனின் பெனவலண்ட்ஏஐ நிறுவனம் வேறு வகைக் கணினித் தேடலில் சொன்னது. அந்த டிசம்பரிலேயே, டிஒய்கே2 மரபணு கூடுதலாக வேலை செய்பவர்களுக்கு நோய் முற்றுகிறது என்று மரபணு ஆய்வும் காட்டியது. அந்தக் குடும்பப் புரதங்களைத்தான் இம்மருந்து தடுக்கிறது. பிரிட்டனின் ரெகவரி சோதனையில் மருத்துவமனையில் இருந்தவர்களின் இறப்பு 14 சதவீதத்திலிருந்து 12 ஆனது. 2022 மே மாதம் அமெரிக்கா அனுமதித்தது.

டோபிரமேட் கதை வேறு. 2011-ல் ஸ்டான்ஃபோர்டு குழுவின் கணிப்பில் அது வந்தது, எலிகளிலும் குடல் அழற்சியைக் குறைத்தது. ஆனால் 2014-ல் ஏற்கெனவே அதைச் சாப்பிட்டுவந்த குடல் அழற்சி நோயாளிகளின் பதிவுகளைப் புரட்டியபோது, நோய் கிளம்புவது குறையவில்லை. மேலும் டோபிரமேட்டால் சிறுநீரகக் கல் வரலாம். குரோன்ஸ் நோயாளிகளுக்கு அந்த ஆபத்து ஏற்கெனவே கூடுதல். கர்ப்பத்தில் சிசுவுக்கும் ஊறு. தங்கைக்கு வேண்டாம்.