வாங் யீ எந்தப் பதவியில் வந்து பேசுகிறார்?

கேள்வி: குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். சீனாவின் வாங் யீயை ஒரு செய்தியில் வெளியுறவு அமைச்சர் என்கிறார்கள், இன்னொன்றில் பொலிட்பீரோ உறுப்பினர், வேறொன்றில் எல்லைப் பேச்சுக்கான சிறப்புப் பிரதிநிதி. நம் தரப்பில் ஒரு நாள் ஜெய்சங்கர் அவரைச் சந்திக்கிறார், மறுநாள் அஜித் தோவல். குறிப்பேட்டில் எதை முதலில் எழுதுவது?

பதில்: மூன்றும் சரிதான். ஆனால் கம்யூனிஸ்ட் கட்சிப் பதவியான பொலிட்பீரோ உறுப்பினர் (கட்சியின் உயர்மட்டத் தலைமைக் குழுவில் ஒருவர்) என்பதை முதலில் எழுதுங்கள். சீனாவின் சின்ஹுவா செய்தி நிறுவனமும் அந்த வரிசையில்தான் எழுதுகிறது.

சீனாவில் வெளியுறவுக் கொள்கையை முடிவு செய்வது கட்சி. அமைச்சகம் அதை நடத்திக் காட்டுகிறது. கட்சியின் மத்திய வெளியுறவு விவகார ஆணையத்துக்குத் தலைவர் ஷி ஜின்பிங். அந்த ஆணையத்துக்கு ஓர் அலுவலகம் உண்டு; அதன் இயக்குநர் வாங் யீ. ‘அலுவலக இயக்குநர்’ என்ற பெயரைப் பார்த்துக் கோப்பு நகர்த்தும் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். வெளியுறவு அமைச்சரின் நாற்காலியைவிட அது உயரமானது.

2023இல் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். 2022 டிசம்பர் கடைசியில் சின் காங் வெளியுறவு அமைச்சரானார். வாங் யீ அமைச்சகத்தை விட்டு அந்தக் கட்சி அலுவலகத்துக்குப் போனார். 2023 மார்ச்சில் சவுதி அரேபியாவும் ஈரானும் பெய்ஜிங்கில் சமரசம் செய்துகொண்டபோது இரு நாட்டுப் பிரதிநிதிகளுக்கும் நடுவில் நின்றவர், அப்போது அமைச்சராக இல்லாத வாங் யீதான். ஜூன் 25க்குப் பிறகு சின் காங்கைப் பொதுவெளியில் காணவில்லை. ஜூலை 25 அன்று அவரை நீக்கிவிட்டு, வாங் யீயையே மறுபடி அமைச்சராக்கினார்கள். காரணத்தை அதிகாரபூர்வமாகச் சொல்லவில்லை. வாங் யீ கட்சி அலுவலகத்தையும் விடவில்லை; அன்று முதல் இரண்டும் ஒரே கையில்.

இனி அவர் வந்த வழி. 1953இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். கலாசாரப் புரட்சிக் காலத்தில், 1969இல், நகரத்து இளைஞர்களோடு வடகிழக்கே ஹெய்லாங்ஜியாங்குக்கு அனுப்பப்பட்டு, எட்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். பிறகு பெய்ஜிங்கில் ஜப்பானிய மொழி படித்து, 1982இல் வெளியுறவு அமைச்சகத்தில் சேர்ந்தார். சீனத் தூதர்களின் வாழ்க்கைக் குறிப்பில் நான் முதலில் தேடுவது இந்த மொழியைத்தான். படித்த மொழி எதுவோ அந்தப் பகுதியில்தான் பெரும்பாலும் வேலைக்காலம் கழியும். வாங் யீ டோக்கியோ தூதரகத்தில் 1989 முதல் 1994 வரை இருந்தார். 2004 முதல் 2007 வரை அங்கேயே தூதர். அவருக்கு முன் அமைச்சராக இருந்த யாங் ஜியெச்சி, ஷாங்காயில் மின்மீட்டர் தொழிற்சாலைத் தொழிலாளியாக இருந்து, பின்பு ஆங்கிலமும் அமெரிக்காவுமே தன் துறை என்று வளர்ந்தவர்.

ஆனால் வாங் யீயின் குறிப்பில் நான் அடிக்கோடு இடுவது 2008 முதல் 2013 வரையான ஐந்தாண்டுகளை. அப்போது அவர் தைவான் விவகார அலுவலகத்தின் தலைவர். தைவானைச் சீனா வெளிநாடாக ஏற்பதில்லை. ஆகவே அது வெளியுறவு அமைச்சகத்தின் வேலையும் இல்லை. கட்சித் தலைமை நேரடியாகக் கவனிக்கும், ஒரு சறுக்கலையும் பொறுக்காத இடம். மொழி தெரிந்த அதிகாரி அரசியல் நம்பிக்கைக்கு உரியவரானது அங்கேதான் என்பது என் கணிப்பு. அங்கிருந்து வந்ததும், 2013 மார்ச்சில், அமைச்சர் பதவி.

2022 அக்டோபரில் பொலிட்பீரோவில் இடம் கிடைத்தது. 68 வயதானவர்களை அதில் சேர்ப்பதில்லை என்பது எழுதப்படாத வழக்கம். ‘ஏழு மேலே, எட்டு கீழே’ என்பார்கள்; அதாவது 67 வயது என்றால் இடம் உண்டு, 68 என்றால் ஓய்வு. கட்சி மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே வாங் யீக்கு 69 நிறைந்தது. அவருக்காக வழக்கத்தைத் தளர்த்தினார்கள் என்றால், ஷி ஜின்பிங்குக்கு அவர் எவ்வளவு தேவைப்பட்டார் என்பதை நீங்களே எடைபோடலாம்.

இப்போது ஜெய்சங்கர், தோவல் விஷயம். 2003இல் வாஜ்பாய் பெய்ஜிங் சென்றபோது, எல்லைச் சிக்கலை அரசியல் மட்டத்தில் பேச இரு நாடுகளும் ஆளுக்கொரு சிறப்புப் பிரதிநிதியை வைக்க ஒப்புக்கொண்டன. முதல் இணை நம் பிரஜேஷ் மிஸ்ராவும் சீனாவின் தை பிங்குவோவும். நம் பக்கம் அந்தப் பொறுப்பு இப்போது தேசியப் பாதுகாப்பு ஆலோசகரான தோவலிடம். சீனப் பக்கம் 2018 முதல் வாங் யீயிடம். அதாவது இங்கே இருவர் பார்க்கும் வேலையை அங்கே ஒருவர் பார்க்கிறார். 2020 ஜூன் 15 கல்வான் மோதலுக்குப் பின் வாங் யீயோடு ஜூன் 17 அன்று ஜெய்சங்கர் தொலைபேசியில் பேசினார். ஜூலை 5 அன்று தோவல் பேசினார். படைகளை விலக்குவது பற்றிய உடன்பாட்டை வெளியிட்டது இரண்டாவது உரையாடலுக்குப் பிறகு. 2025 ஆகஸ்டில் டெல்லி வந்தபோதும் அப்படித்தான்: 18ஆம் தேதி ஜெய்சங்கரோடு அமைச்சர் என்ற முறையில், 19ஆம் தேதி தோவலோடு 24ஆவது சுற்று எல்லைப் பேச்சில்.

ஆகவே, செய்தியில் வாங் யீ பெயரைக் கண்டதும் எதிரில் யார் அமர்ந்திருக்கிறார் என்று பாருங்கள். தோவல் என்றால் ‘எல்லை’ என்ற தலைப்பின் கீழும், ஜெய்சங்கர் என்றால் ‘இருதரப்பு உறவு’ என்பதன் கீழும் குறித்துக்கொள்ளுங்கள். வேறொரு சீனத் தூதரைப் பற்றிப் படிக்க நேர்ந்தால் கட்சிப் பதவி, படித்த மொழி, அமைச்சகத்துக்கு வெளியே இருந்த ஆண்டுகள் ஆகிய மூன்றையும் முதலில் தேடி எழுதிவிட்டு, மற்றதைப் பிறகு படியுங்கள்.