தஞ்சாவூர்–திருச்சி பாசஞ்சர் லைன்: கேட்டதும் சொன்னதும்

தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் நடுவுல இருக்குற சின்ன ஸ்டேஷன்கள் பத்தி எது வேணாலும் கேளுங்கன்னு சொல்லிருந்தேன், நிறைய பேர் கேட்டுட்டீங்க. ஆலக்குடி, பூதலூர், ஐயனாபுரம், சோளகம்பட்டி, தொண்டைமான்பட்டி, திருவெறும்பூர், மஞ்சத்திடல், பொன்மலை, இதெல்லாம்தான் நம்ம லைன். சீசன் டிக்கெட்லயே (மாசக் கணக்குல எடுக்குற ரயில் பாஸ்) காலம் போன ஆளு நான், தெரிஞ்சத சொல்றேன்.

பூதலூர்லேருந்து ஒரு தம்பி: அண்ணே, நம்ம லைன் எப்ப போட்டது? முன்னாடி மீட்டர் கேஜ்தானே, அதுக்கும் முன்னாடி பிராட் கேஜ்னு தாத்தா சொல்றாரு, நெசமா?

நெசந்தான் தம்பி, தாத்தா சரியாத்தான் சொல்லிருக்காரு. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேன்னு ஒரு கம்பெனி, தலைமையிடம் நாகப்பட்டினம். அவங்க 1861-ல நாகையிலேருந்து தஞ்சாவூர் வரைக்கும் ரயில் விட்டாங்க, 1862-ல திருச்சி வந்துடுச்சு. அப்ப போட்டது பிராட் கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இடைவெளி அதிகமா இருக்குற அகலப் பாதை. நாகை துறைமுகத்துலேருந்து உள்நாட்டுக்குச் சரக்கு ஏத்தி இறக்கணும்ங்குறதுதான் கணக்கு, ஊர் ஜனம் வேலைக்குப் போய் வர்றதுக்குன்னு யாரும் போடல. அப்புறம் 1870 வாக்குல செலவு கம்மின்னு கவர்மெண்ட் மீட்டர் கேஜ், அதாவது குறுகலான பாதை பக்கம் சாஞ்சுது. 1874-ல இந்தக் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வேயும் சேந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆச்சு. மெட்ராஸ்லேருந்து மாயவரம், கும்பகோணம் வழியா தஞ்சாவூர் வர்ற லைன மீட்டர் கேஜ்ல போடப் போறாங்க, நாகை லைன் மட்டும் பிராட் கேஜா இருந்தா தஞ்சாவூர்ல ஒவ்வொரு மூட்டையையும் ஒரு வண்டிலேருந்து இன்னொரு வண்டிக்கு மாத்தணும்ல. அதனால 1875-ல நாகை–திருச்சி தண்டவாளத்தையே குறுகலாக்கிட்டாங்க. நடுவுல 1676 மில்லிமீட்டர் இருந்த இடைவெளி 1000 ஆச்சு. திரும்ப அகலமாக்குனது 1998-ல, தஞ்சாவூர்–திருச்சி மட்டும். நடுவுல நூத்தி இருபது வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு. இப்ப ரெட்டை லைன், மேல கரண்ட் கம்பி.

பொன்மலைலேருந்து ஒரு ஐயா: எங்க ஒர்க்ஷாப் பத்தியும் சொல்லுங்க தம்பி.

சொல்லாம விடுவனா ஐயா. பழைய ரயில்வே ஒர்க்ஷாப் நாகப்பட்டினத்துலதான் இருந்துச்சு, 1928-ல பொன்மலைக்கு வந்துச்சு. அந்த மாத்தத்தோட சேத்து ஆள்குறைப்பும் வந்ததுல அதே வருஷம் பெரிய வேலைநிறுத்தம், தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் முன்னாடி நின்னது அதுலதான். 1946 செப்டம்பர் 5-ல பொன்மலைல தொழிலாளிங்க மேல துப்பாக்கிச்சூடு, அஞ்சு பேர் செத்துப் போயிட்டாங்க. தினமும் அந்த ஸ்டேஷன்ல ஏறி இறங்குற நம்ம பசங்க பல பேருக்கு இது தெரியாதுங்குறது எனக்குப் பெரிய வருத்தம்.

வல்லம் பக்கத்துலேருந்து ஒரு அக்கா: தம்பி, பொண்ணு திருச்சில பி.எஸ்சி படிக்கிறா, பஸ்ஸுக்கே மாசம் எவ்வளவோ ஆகுது. ட்ரெயின் பாஸ்ல ஏதாச்சும் குறையுமா?

அக்கா, குறையுறது என்ன, ஃப்ரீயே இருக்கு. வீட்டு ஊருக்கும் காலேஜுக்கும் நடுவுல செகண்ட் கிளாஸ் மாச சீசன், பொண்ணுங்களுக்கு டிகிரி முடிக்கிற வரைக்கும் இலவசம், பசங்களுக்கு பன்னெண்டாவது வரைக்கும். காலேஜ்ல ரயில்வே கன்செஷன் ஃபார்ம் கேளுங்க, பிரின்சிபால் கையெழுத்தும் சீலும் வாங்கிட்டு கவுண்டர்ல குடுக்கணும். ஆபீஸ்ல "அப்படியெல்லாம் இல்லம்மா"ன்னு சொன்னாலும் விடாதீங்க, தெரியாமதான் சொல்லுவாங்க. எத்தனையோ பொண்ணுங்க இது தெரியாமலே மூணு வருஷம் காசு கட்டிப் படிச்சு முடிச்சிருக்காங்க.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்லேருந்து ஒருத்தர்: மூணு மாச சீசன் எடுத்தா லாபமா சார்?

லாபந்தான். மூணு மாசத்துக்கு, மாச ரேட்ட 2.7 ஆல பெருக்கி வாங்குவாங்க. சீசன் 150 கிலோமீட்டர் வரைக்கும்தான், நம்ம தூரம் அம்பதுதான், கவலை இல்ல. ஐடி கார்டு கூடவே இருக்கணும், ரிசர்வ் கோச்ல போய் உக்காராதீங்க.

ஐயனாபுரத்துலேருந்து ஒரு தம்பி: அண்ணே, எங்க ஸ்டேஷன்ல கூட்டமே இல்ல, ஸ்டாப்ப எடுத்துடுவாங்களோ?

இதுக்குத்தான் கொஞ்சம் நீளமா சொல்லணும். ஒரு ஸ்டேஷன்ல எத்தனை பேர் ஏறுறாங்கன்னு ரயில்வேக்குத் தெரியுறது அந்த ஸ்டேஷன் பேர்ல விக்கிற டிக்கெட்ட வெச்சுத்தான். புது ஸ்டாப் குடுத்தாக்கூட முதல்ல சோதனைக்குன்னுதான் குடுப்பாங்க, வித்த டிக்கெட்டப் பாத்துட்டுத்தான் நீட்டிப்பாங்க. நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க, ஐயனாபுரத்துல ஏறுறாங்க, மொபைல்ல ரயில்வே டிக்கெட் ஆப்ல தஞ்சாவூர்–திருச்சின்னு பழக்கத்துல தட்டிடுறாங்க, இல்ல டிக்கெட்டே எடுக்குறதில்ல. கணக்குல ஐயனாபுரத்துல யாருமே ஏறலன்னு ஆயிடுது. ஆப்ல உங்க ஸ்டேஷன் பேரையே போட்டு எடுங்க, ஊர்ல எல்லாருக்கும் சொல்லுங்க. பாசஞ்சர்ல குறைஞ்ச டிக்கெட் பத்து ரூபாதான், கொரோனாவுக்கு அப்புறம் முப்பதாக்கி வெச்சிருந்தாங்க, 2024-ல இறக்கிட்டாங்க. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, பிளாட்பாரத்துக்குள்ள வந்து நின்னுட்டு ஆப்ல எடுத்தா எடுக்காது, வெளிலயே எடுத்துடணும், இல்ல ஸ்டேஷன்ல ஒட்டிருக்குற க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணணும். எடுத்த டிக்கெட் மூணு மணி நேரம், இல்லன்னா அடுத்து வர்ற முதல் வண்டி, இதுல எது லேட்டோ அது வரைக்கும் செல்லும்.

பூதலூர்லேருந்து இன்னொருத்தர்: பிளாட்பாரம் தாழ்வா இருக்கு சார், அம்மாவால ஏற முடியல.

சின்ன ஸ்டேஷன்கள்ல இதான் பெரிய கஷ்டம். உயர பிளாட்பாரம்னா தண்டவாளத்துலேருந்து 76 சென்டிமீட்டருக்கு மேல இருக்கும், வண்டித் தரைக்கும் அதுக்கும் வித்தியாசம் கம்மி. தாழ்வா இருக்குற எடத்துல பாருங்க, காய்கறி கொண்டுபோற பாட்டி முதல்ல கூடைய மேல தள்ளும், உள்ள இருக்குறவங்க இழுத்துப்பாங்க, அப்புறம் கம்பிய ரெண்டு கையாலயும் பிடிச்சு, முட்டிய மொதப் படில ஊணி ஏறும், அதுக்குள்ள வண்டி ஹாரன் அடிச்சுடும். வாயால சொன்னா பதிவாகாது சார். ரயில் மதத் ஆப்ல போட்டோவோட புகார் போடுங்க, இல்ல ரயில்வே உதவி எண் 139-க்கு அடிங்க, எந்த பிளாட்பாரம், எந்தப் பக்கம்னு தெளிவா சொல்லுங்க, புகார் நம்பர வெச்சுக்கங்க. ஒரு ஆள் போடுறத விட ஊர்ல இருபது பேர் போட்டா கணக்கு வேற.

கும்பகோணத்துலேருந்து ஒரு தங்கச்சி: ஸ்டேஷன் போர்டுல கடல் மட்டம் எதுக்குண்ணா போடுறாங்க?

அந்த ஸ்டேஷன் கடல் மட்டத்துலேருந்து எவ்வளவு உயரத்துல இருக்குன்னு, லைன் சர்வே பண்ணப்ப எடுத்த அளவும்மா. திருச்சிலேருந்து நாகை வரைக்கும் போர்டுகளப் பாத்துட்டே போ, எண் குறைஞ்சுட்டே வரும். அந்தச் சரிவுலதான் காவிரி வெண்ணாறு, வெட்டாறுன்னு பிரிஞ்சு பிரிஞ்சு ஓடுது. தஞ்சாவூரத் தாண்டுனா கோயில்வெண்ணின்னு ஒரு ஸ்டேஷன் வரும், கரிகாலன் ஜெயிச்ச வெண்ணிப் போர் நடந்த எடம் அது.

சென்னைலேருந்து ஒருத்தர்: ஊருக்கு வர்றப்ப பசங்கள ட்ரெயின்ல கூட்டிட்டு கல்லணை போகணும், எங்க இறங்குறது?

திருவெறும்பூர்ல இறங்குங்க, அங்கேருந்து கல்லணைக்கு ரோடு பிரியுது. கிளம்புறதுக்கு முன்னாடி எறும்பீஸ்வரர் கோயில் மலை ஏறிட்டுப் போங்க, தேவருங்க எறும்பா வந்து கும்பிட்டதா சொல்ற கோயில், சோழர் காலத்துக் கட்டுமானம். காலைல சீக்கிரம் போங்க, வெயில் ஏறுனா பாறை சுட்டுடும், பசங்க கால் தாங்காது.