ஒன்பது வருட பாலிசியை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது, மனைவிக்கு 57. அம்பத்தூரில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஒன்றரை வருடமாகச் சொந்த ஊரான கும்பகோணத்தில் இருக்கிறோம். இருவருக்கும் சேர்த்து 5 லட்சத்துக்கு ஃபேமிலி ஃப்ளோட்டர் மருத்துவக் காப்பீடு வைத்திருக்கிறேன். ஒன்பது வருடமாக விடாமல் கட்டி வருகிறேன். சென்ற வருடம் வரியோடு 33,040 ரூபாய் கட்டினேன், இந்த வருடம் 36,400 கேட்கிறார்கள். எனக்கு நாலு வருடமாகச் சர்க்கரை. தெரிந்த ஏஜெண்ட் ஒருவர், "இதை விட்டுவிட்டு வேறு கம்பெனியில் புதிதாகப் போடுங்கள், குறைவாக முடித்துத் தருகிறேன், சுகர் பற்றி எழுத வேண்டாம்" என்கிறார். புனேயில் இருக்கும் மகனோ, ஆபீஸ் காப்பீட்டில் எங்களையும் சேர்த்திருப்பதால் இதுவே தேவையில்லை என்கிறான். புதுப்பிக்க இன்னும் 70 நாள் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: விடாதீர்கள். ஆனால் அவர்கள் கேட்ட தொகையை அப்படியே கட்டிவிடவும் வேண்டாம். முதலில் அந்தக் கணக்கைப் பார்ப்போம், அதில் உங்கள் கண்ணில் படாத ஒன்று இருக்கிறது.

33,040-லிருந்து 36,400 என்றால் பார்வைக்குப் பத்து சதவீத உயர்வு. சென்ற வருடத் தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருந்தது. அதைக் கழித்தால் அசல் பிரீமியம் 28,000 ரூபாய்தான். தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. அப்படியானால் இந்த 36,400 முழுவதும் பிரீமியம். 28,000 இப்போது 36,400 ஆகியிருக்கிறது, அதாவது முப்பது சதவீத உயர்வு. அரசு விட்டுக்கொடுத்த வரி உங்கள் கைக்கு வரவே இல்லை. வரி போனதோடு, கம்பெனிகள் தங்கள் செலவுகளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியும் போய்விட்டது என்பது உண்மை. அதனால் கொஞ்சம் ஏறலாம். முப்பது சதவீதம் ஏறுவதற்கு அது மட்டும் காரணமாக முடியாது.

இன்னொன்று. 60 வயது தாண்டியவர்களின் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை ஒரே வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால், கம்பெனி முன்கூட்டியே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யைக் கலந்து பேச வேண்டும். 2025 ஜனவரி 30 அன்று ஆணையம் போட்ட உத்தரவு இது. ஏற்றவே கூடாது என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: வரி நீங்கலாகச் சென்ற வருட பிரீமியம் எவ்வளவு, இந்த வருடம் எவ்வளவு, உயர்வில் வயதுப் படி மாறியதால் வந்தது எவ்வளவு, கட்டண அட்டவணையையே மாற்றியதால் வந்தது எவ்வளவு, பத்து சதவீத உத்தரவை எப்படிப் பின்பற்றினீர்கள்? 61 ஆனதும் பல கம்பெனிகளின் அட்டவணையில் அடுத்த படிக்குப் போய்விடுவோம். ஃப்ளோட்டரில் மூத்தவர் வயதை வைத்துத்தான் விலை போடுவார்கள் என்பதால், உங்கள் மனைவிக்கும் சேர்த்து அந்தப் படி ஏறியிருக்கும். இருவருக்கும் தனித்தனி பாலிசி எடுத்தால் மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். பிரிக்கும்போது பழைய வருடங்கள் இரண்டு பாலிசிக்கும் தொடருமா என்பதை எழுத்தில் வாங்குவது முக்கியம். ஃபோனில் சொன்னால் போதாது.

சரி, ஏஜெண்ட் சொன்ன யோசனைக்கு வருவோம். ஐந்து வருடம் இடைவெளியில்லாமல் கட்டிய பாலிசியில், "இதை நீங்கள் எங்களிடம் சொல்லவில்லையே" என்று காரணம் காட்டி கிளைமை மறுக்க முடியாது. நிரூபிக்கப்பட்ட மோசடி மட்டும் விதிவிலக்கு. முன்பு எட்டு வருடமாக இருந்ததை 2024-ல் ஐந்தாகக் குறைத்தார்கள். நீங்கள் ஒன்பது வருடம் கடந்தவர். போதாததற்குச் சர்க்கரை வந்ததே பாலிசி எடுத்த பிறகுதான். அவர் சொல்கிறபடி புதிதாக எடுத்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். சர்க்கரையை ஒழுங்காக எழுதினால் அதற்கு மூன்று வருடம் வரை காத்திருப்பு, அதாவது அதுவரை அதற்கான கிளைம் கிடைக்காது. எழுதாமல் மறைத்தால், ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றே கேஸ் ஷீட்டில் "நாலு வருடமாக நீரிழிவு" என்று டாக்டர் எழுதிவிடுவார். அப்போது கையெழுத்துப் போட்ட உங்களிடம்தான் கேள்வி வரும், ஏஜெண்டிடம் யாரும் கேட்க மாட்டார்கள்.

கம்பெனி மாறியே தீர வேண்டும் என்றால் அதற்கு போர்ட்டிங் என்ற வழி இருக்கிறது. பழைய பாலிசியில் கழித்த காத்திருப்புக் காலம் புதிய கம்பெனியிலும் கணக்கில் வரும், பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்கு. 5 லட்சத்தை 10 லட்சமாக்கினால் கூடுதல் 5 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாக ஓடும். இதில் சிக்கல், புதிய கம்பெனி உங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 61 வயது, சர்க்கரை என்றால் தயங்குவார்கள். பழைய கம்பெனியோ, நீங்கள் கிளைம் வாங்கியதைக் காரணம் காட்டிப் புதுப்பிக்க மறுக்க முடியாது. அதனால்தான் பழையதைக் கையில் வைத்துக்கொண்டு புதியதைக் கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

இப்போது கும்பகோணம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது இதுதான். பல கம்பெனிகள் ஊரைப் பொறுத்து மண்டலம் பிரித்து விலை வைக்கின்றன. டெல்லி, மும்பை போன்றவை மேல் மண்டலம், சென்னை பெரும்பாலும் அதற்கு அடுத்தது, மற்ற ஊர்கள் கீழே. உங்கள் பாலிசியில் இன்னும் அம்பத்தூர் பின்கோடு இருக்கிறது என்றால் நீங்கள் சென்னை விலை கட்டிக்கொண்டிருக்கலாம். முகவரியை மாற்றுங்கள், அது எப்படியும் செய்ய வேண்டியது. ஆனால் குறைகிறதே என்று உடனே சந்தோஷப்பட வேண்டாம். கீழ் மண்டலத்து விலை கட்டியவர் மேல் மண்டலத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், பில்லில் ஒரு பங்கைத் தானே கட்ட வேண்டும் என்று சில பாலிசிகளில் விதி உண்டு. அந்தப் பங்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் 4 லட்சம் பில் வந்தால் 80,000 உங்கள் பையிலிருந்து. முகவரி மாற்றியதில் வருடத்துக்கு 4,000 மிச்சமானாலும் அதை ஈடுகட்ட இருபது வருடம் ஆகும்.

ஆகவே கேள்வி இதுதான்: பெரிய சிகிச்சை என்றால் எங்கே போவீர்கள்? தஞ்சாவூர், திருச்சியோடு நின்றுவிடுவோம் என்றால் கீழ் மண்டல விலையே போதும். "ஹார்ட் என்றால் சென்னைதான்" என்று வீட்டில் ஏற்கெனவே முடிவாகியிருந்தால், கும்பகோணம் முகவரியைக் கொடுத்துவிட்டு, மேல் மண்டல விலையைக் கட்டி அந்த விதியை நீக்க வழியிருக்கிறதா என்று கேளுங்கள். சில பாலிசிகளில் இருக்கிறது. நானாக இருந்தால் அதைத்தான் எடுப்பேன்.

செலவைக் குறைக்கக் கம்பெனிகள் இரண்டு வழி நீட்டுவார்கள். ஒன்று கோ-பே, ஒவ்வொரு பில்லிலும் இத்தனை சதவீதம் உங்களுடையது. மற்றொன்று டிடக்டிபிள், வருடத்தில் முதல் 50,000 அல்லது ஒரு லட்சம் உங்களுடையது, மீதி அவர்களுடையது. ஓய்வு பெற்றவர்களுக்கு நான் எப்போதும் இரண்டாவதையே சொல்வேன். அதில் அதிகபட்சம் எவ்வளவு போகும் என்று இன்றே தெரியும், அந்தப் பணத்தை வங்கியில் தனியாகப் போட்டு வைக்கலாம். கோ-பேயில் பில் வளர வளர உங்கள் பங்கும் வளரும்.

அறை வாடகை விதியையும் ஒருமுறை படித்துவிடுங்கள். பழைய பாலிசிகள் பலவற்றில் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம்தான் ஒரு நாள் வாடகை, உங்களுக்கென்றால் 5,000. ரூம் 10,000 என்றால் வாடகையில் மட்டும் வெட்டு விழாது, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணமும் பாதியாகிவிடும். மருந்து, உடலுக்குள் வைக்கும் உபகரணங்கள், பரிசோதனைக் கட்டணம் ஆகியவற்றில் அந்த விகிதத்தில் வெட்டக் கூடாது என்பது விதி. என் மாமனாருக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது மருந்து பில்லிலும் வெட்டினார்கள். விதியைச் சொல்லி ஒரு கடிதம் எழுதிய பிறகுதான் அந்தப் பணம் திரும்பியது.

மகன் ஆபீஸ் காப்பீடு நல்லதுதான், வேலை மாறும் வரை. அடுத்த கம்பெனியில் பெற்றோரைச் சேர்ப்பார்களா என்று யாருக்குத் தெரியும்? அப்போது உங்களுக்கு 65 ஆகியிருக்கும், கையில் ஒன்பது வருடமும் இருக்காது. ஆனால் மகன் காப்பீட்டை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். சின்னச் செலவுகளை அதில் கிளைம் செய்தால், கிளைம் வாங்காத வருடங்களுக்காக உங்கள் பாலிசியில் சேரும் போனஸ் கெடாது. டிடக்டிபிள் தொகைக்கும் அது உதவும்.

5 லட்சம் போதாது என்று தோன்றினால், அதை இரட்டிப்பாக்காமல், ஒரு வரம்புக்கு மேல் போகும் செலவை மட்டும் தரும் கூடுதல் பாலிசியான சூப்பர் டாப்-அப் எடுங்கள். வெறும் டாப்-அப் வேறு, குழம்ப வேண்டாம். ஒரே வருடத்தில் 3 லட்சம், 4 லட்சம் என்று இரண்டு பில் வருகிறது. 5 லட்சம் டிடக்டிபிள் உள்ள டாப்-அப் ஒரு பைசா தராது, எந்த பில்லும் தனியாக 5 லட்சத்தைத் தாண்டவில்லையே. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டிப் பார்த்து 2 லட்சம் தரும். இதற்கும் சர்க்கரையை எழுதித்தான் ஆக வேண்டும்.

வரிச் சலுகையை நம்பி முடிவு எடுக்க வேண்டாம். பழைய வருமான வரி முறையில் இருந்தால் மட்டும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு மூத்த குடிமக்களுக்கு 50,000 வரை கழிவு உண்டு. மகன் பழைய முறையில் இருந்து அவரே பிரீமியம் கட்டினால் அவருக்கும் கிடைக்கும். கையில் பணம் இருந்தால் இரண்டு, மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டுவது இதைவிடப் பயன். தள்ளுபடியோடு, அந்தக் காலத்துக்கு விலையும் ஏறாது.

உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் தனியார் பாலிசிக்கு அலைவதற்கு முன், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துவிடுங்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை பிரீமியம் இல்லாமல் கிடைக்கிறது.

உங்கள் மின்னஞ்சலுக்கு உருப்படியான பதில் வராவிட்டால் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள், ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா தளத்திலும் பதியுங்கள். கிளைம் தகராறு என்றால் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் வரை விசாரிப்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

போர்ட்டிங் விண்ணப்பத்தைப் பெரும்பாலும் புதுப்பிக்கும் தேதிக்கு 60 நாளுக்கு முன்பிருந்து 45 நாளுக்கு முன்பு வரைதான் வாங்குவார்கள். உங்களுக்கு அந்த ஜன்னல் இன்னும் பத்து நாளில் திறக்கும், அதற்குள் மின்னஞ்சலைப் போட்டுவிடுங்கள். பதினைந்து நாளில் புதிய கம்பெனி சரி என்று எழுத்தில் சொன்னால் மாறுங்கள். சொல்லாவிட்டால், முகவரியைத் திருத்தி, பேசி எவ்வளவு குறைகிறதோ குறைத்து, கெடு தேதிக்கு முன்பே பழையதைக் கட்டிவிடுங்கள். வருட பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் இருப்பது, சேர்ந்த வருடங்கள் அறுந்துபோகாமல் இருக்கத்தான். கட்டாத அந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அந்த பில் உங்களுடையது.