வான்கோழி கூவும் இடம் வேறு, போகும் இடம் வேறு

கேள்வி: மிசூரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் அருகே வசிக்கிறேன். ஓசார்க் மலைப்பகுதியில் தெரிந்தவர் ஒருவரின் பண்ணையில் வசந்தகால வான்கோழி வேட்டைக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. பாதி காடு, பாதி மேய்ச்சல் நிலம். போன ஏப்ரலில், சேவல் அடைந்திருந்த மரத்துக்குப் பக்கத்திலேயே விடியுமுன் போய் உட்கார்ந்தேன். பாக்ஸ் கால் (box call) என்கிற, உரசினால் பெட்டைக் குரல் எழுப்பும் மரப்பெட்டியில் பெட்டை போலக் கூப்பிடக் கூப்பிட அதுவும் பதில் கொடுத்தது. ஆனால் மரத்தைவிட்டு இறங்கியதும் எதிர்த்திசையில் போய்விட்டது. சீசன் முழுக்க இதே கதை. சீசனுக்கு முன்னால் நான் எதைப் பார்த்து வைக்க வேண்டும்? ஹெச்-1பி விசாவில் இருக்கும் அலுவலக நண்பரையும் அழைத்துப் போகலாமா?

பதில்: நீங்கள் கூப்பிட்ட விதத்தில் பெரிய பிழை இருந்திருக்காது. பதில் கொடுத்தது என்றால் அதன் காதுக்கு நீங்கள் பெட்டைதான். சிக்கல் வேறு. காட்டு வான்கோழிகளில் சேவல் மரத்தில் இருந்தபடி கூவும், பெட்டை அதைத் தேடி வரும். மாப்பிள்ளை மண்டபத்தில் உட்கார்ந்திருக்க, பெண் வீட்டார் புறப்பட்டு வருகிற ஏற்பாடு அது. நீங்கள் பெட்டையாகக் குரல் கொடுத்துக்கொண்டே ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால், "சரி, கிளம்பி வா" என்பதுதான் அதன் பதில். நீங்கள் போகவில்லை. அதற்குள் பக்கத்து மரங்களில் அடைந்திருந்த நிஜப் பெட்டைகள் இறங்கி இரை தேடும் பக்கமாக நடந்தன, அது பின்னாலேயே போனது. அந்தப் பக்கம் எது என்பது சீசனுக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மார்ச்சில் சாலையோரம் காரை நிறுத்தி, கூவல் கேட்ட திசையை மேப்பில் குறித்துக்கொண்டு வீடு திரும்புவதைத்தான் பலர் நோட்டம் பார்ப்பது என்கிறார்கள். அது கால்வாசி வேலைகூட இல்லை. விடியற்காலையில் மரத்தில் இருந்து அது கூவுவது சிறிது நேரம்தான். மீதிப் பகல் முழுக்கத் தரையில் நடக்கிறது. நீங்கள் சுடப்போவதும் தரையில் நடக்கும் பறவையைத்தான்.

இன்னொன்று, மார்ச் தொடக்கத்தில் கேட்ட சேவல் ஏப்ரலில் அங்கேயே இருக்கும் என்று நம்ப வேண்டாம். குளிர்காலத்தில் பெரிய கூட்டமாக இருப்பவை, பகல் நீள நீளப் பிரியும். பெட்டைகள் கூடு கட்ட வாகான இடம் தேடிப் போகும், சேவல்களும் பின்னாலேயே நகரும். சில நேரம் இந்த நகர்வு கிலோமீட்டர் கணக்கில் இருக்கும். மிசூரியில் சீசன் ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது திங்களன்று தொடங்கி மூன்று வாரம் நடக்கிறது. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் பார்ப்பதுதான் கணக்கில் சேரும்.

விடியுமுன் மேட்டுமுகட்டில் நின்று கேளுங்கள். சேவல் தானாகக் கூவவில்லை என்றால் பார்டு ஆந்தை போல ஒருமுறை குரல் கொடுங்கள். திடீர்ச் சத்தத்துக்குச் சேவல் தன்னையறியாமல் பதிலுக்குக் கூவும். காக்கைக் குரலுக்கும் கூவும். பெட்டைக் குரலை மட்டும் இப்போது எடுக்காதீர்கள். கூப்பிட்ட இடத்தில் பெட்டை இல்லை என்பதை அது சீசனுக்கு முன்பே கற்றுக்கொள்ள நாம் ஏன் உதவ வேண்டும்?

கூவல் கேட்டதும் கிளம்பிவிடாதீர்கள், அங்கேயே இருங்கள். தரையில் இறங்கியபின் அதன் குரல் மங்கிக் கேட்கும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று குறித்து வையுங்கள். காலை எட்டு மணிக்குமேல் தூரத்தில் இருந்து பைனாகுலரில் மேய்ச்சல் நிலத்தைப் பாருங்கள். எந்த மூலையில் நுழைகின்றன, சேவல் எங்கே தோகை விரித்து நிற்கிறது, எந்த வேலி இடைவெளியில் வெளியேறுகின்றன என்பதுதான் தேவை. மழை நாளைத் தவறவிடாதீர்கள். இலைகளில் நீர் சொட்டும்போது காட்டுக்குள் எதிரி வரும் ஓசை கேட்காது என்பதால் அவை திறந்த வெளிக்கு வந்துவிடும்.

பறவைகள் அந்தப் பக்கம் இல்லாத மதிய வேளையில் காட்டுக்குள் நடந்து தடயம் பாருங்கள். ஓக் மரச் சருகைக் கிளறியிருந்தால், நம் வீட்டுக்கோழி போலவே சருகைப் பின்னால் தள்ளியிருக்கும். குவியல் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் பறவை போயிருக்கிறது. கிளறல் இருக்கும் சரிவு முழுவதையும் பார்த்தால் போகும் திசையே தெரிந்துவிடும். சேவலின் எச்சம் ஆங்கில ஜே எழுத்துப் போல நீண்டு வளைந்திருக்கும், பெட்டையுடையது சுருண்டு கட்டியாக இருக்கும். நெஞ்சு இறகின் நுனி கறுப்பாக இருந்தால் சேவல், வெளிர்பழுப்பு என்றால் பெட்டை. பழைய மரலாரிப் பாதைகளில் புழுதி இருந்தால் குனிந்து பாருங்கள். காலடித்தடத்துக்கு இரு பக்கமும் மெல்லிய கோடுகள் இணையாக ஓடினால், சேவல் சிறகைத் தாழ்த்தி இழுத்துக்கொண்டு தோகை விரித்து நடந்த இடம் அது. எல்லாத் தடயத்திலும் எனக்கு மதிப்பு அதிகம் இதற்குத்தான். எச்சம் பறவை கடந்துபோன இடத்தில் எல்லாம் கிடக்கும். இந்தக் கோடுகளோ, பெட்டைகள் பார்க்கட்டும் என்று அது தானாகத் தேர்ந்தெடுத்து நிற்கிற இடத்தில் இருக்கும். அடுத்த நாளும் அங்கே வர வாய்ப்பு அதிகம்.

இனி உட்காரும் இடம். அடைந்திருக்கும் மரத்தில் இருந்து 100 முதல் 150 கஜம் விலகி, அது போகும் திசையில் இருங்கள். அதற்குமேல் நெருங்கினால், இலை முழுதும் துளிர்க்காத ஏப்ரல் காட்டில் உங்களைப் பார்த்துவிடும். வான்கோழிக்கு மோப்பம் சுமார்தான். ஆனால் நிறம் தெரியும், தலையைத் திருப்பாமலே சுற்றுவட்டத்தில் ஏறக்குறைய 300 பாகை பார்வைக்குள் வரும். அதன் மட்டத்திலோ சற்று மேட்டிலோ உட்காருங்கள். மேடேறி வரத் தயங்காத பறவை, பள்ளத்துக்குக் கூப்பிட்டால் பிணங்கும். நடுவில் ஓடை, கம்பிவேலி, முட்புதர் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். பறக்கத் தெரிந்த பறவைக்கு ஒரு வேலி தடையா என்று தோன்றலாம். ஆனால் அதன் கணக்குப்படி தாண்டி வர வேண்டியது பெட்டைதானே.

இவ்வளவுக்கும் மேல் ஒரு விஷயம், கண்ணுக்குத் தெரியும் தூரம். உங்கள் குரல் வந்த இடத்தைச் சேவல் மிகத் துல்லியமாக நினைவில் வைத்திருக்கும். 80 கஜத்தில் இருந்தே அந்த இடம் தெரிந்து, அங்கே பெட்டை இல்லை என்றால், அங்கேயே நின்று தோகை விரித்துக்கொண்டிருக்கும். எனவே பரந்த பார்வை கிடைக்கும் இடத்தைத் தேடாதீர்கள். மேட்டு விளிம்பு, பாதை வளைவு, நில மடிப்பு இவற்றுக்கு இந்தப் பக்கம் உட்காருங்கள். உங்கள் இடத்தைப் பார்க்க அது எட்டிப் பார்த்தே ஆக வேண்டும், எட்டிப் பார்க்கும் புள்ளி உங்களுக்கு 30, 35 கஜத்துக்குள் இருக்க வேண்டும். பொம்மைப் பெட்டை வைப்பதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. திறந்த மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் உதவும். காட்டுக்குள் நல்ல வளைவு கிடைத்துவிட்டால் தேவைப்படாது.

கூப்பிடுவதைக் குறையுங்கள். மரத்தில் இருக்கும்போது மென்மையாக நாலைந்து முறை, இறங்கியபின் இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான். பதில் வந்து, அடுத்த பதில் பக்கத்தில் கேட்டால் வாயை மூடிவிடுங்கள். தொடர்ந்து கூப்பிட்டால், பெட்டை கிளம்பிவிட்டது என்று நின்று காத்திருக்கும். மௌனமானால், என்ன ஆயிற்று என்று பார்க்க வரும். சேவலுடன் இருக்கும் பெட்டை உங்கள் குரலுக்கு எரிச்சலாகக் கத்தினால், அது கத்துவதை அப்படியே திருப்பிக் கத்துங்கள். சண்டைக்கு அது வந்தால், சேவலும் பின்னால் வரும்.

காலை ஏழரைக்கு அடங்கிவிட்டது என்று காருக்குத் திரும்பும் வழக்கத்தை விடுங்கள். பெட்டை நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் 10, 12 முட்டை இட இரண்டு வாரம் ஆகும், அதன்பின் 28 நாள் அடைகாக்கும். முட்டையிடும் நாட்களில் காலை கொஞ்சம் ஏறியதும் சேவலை விட்டுக் கூட்டுக்குப் போய்விடும். ஒன்பது மணியில் இருந்து பதினொன்று வரை சேவல் தனியாகத் திரியும் நேரம் அது. விடியலில் உங்களை மதிக்காமல் போன அதே பறவை அப்போது தேடி வரும். புழுதிக்கோடு பார்த்த இடத்தில் அந்த நேரத்தில் உட்காருங்கள். அடைகாப்பு மும்முரமாகும் சீசனின் பிற்பகுதியில் இந்த நேரம் இன்னும் பலன் தரும். பொது நிலத்தில் வேட்டை நேரம் பகல் 1 மணியோடு முடிந்துவிடும். 2024 முதல் தனியார் நிலத்தில் சூரியன் மறையும்வரை அனுமதி உண்டு. பண்ணை என்பதால் உங்களுக்கு அவசரமே இல்லை.

இந்த விதிகள் கெடுபிடியாகத் தோன்றினால் ஒன்று நினைவில் இருக்கட்டும். 1950-களில் மிசூரியில் மிஞ்சியிருந்தது சில ஆயிரம் பறவைகள்தான். 1954-இல் பெக் ராஞ்ச் பகுதியில் வலைவீசிப் பிடித்து மற்ற இடங்களில் விடத் தொடங்கினார்கள். 1960-இல் மறுபடி அனுமதித்த முதல் வசந்தகால சீசனில் மாநிலம் முழுக்கக் கிடைத்தவை 94. 2004-இல் அது 60 ஆயிரத்தைத் தாண்டி, பிறகு குறைந்திருக்கிறது. சேவலுக்கும், நெஞ்சில் மயிர்க்கற்றை போலத் தொங்கும் தாடி வெளியே தெரியும் பறவைக்கும் மட்டுமே அனுமதி, சீசனுக்கு இரண்டு, அதிலும் முதல் வாரத்தில் ஒன்று என்பதெல்லாம் இதனால்தான். சில பெட்டைகளுக்கும் தாடி இருக்கும். சட்டப்படி சுடலாம், நான் சுடமாட்டேன். கிளம்பும் முன் மாநில வனவளத் துறையின் அந்த ஆண்டு விதிப்புத்தகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சுட்ட அன்றே இரவு 10 மணிக்குள் டெலிசெக் (Telecheck) என்கிற மாநிலப் பதிவு முறையில் பதிவு செய்ய வேண்டும்.

துப்பாக்கி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஷாட்கன், ரவை 4-ஆம் எண் அல்லது அதைவிடச் சிறியது (எண் கூடக் கூட ரவை சிறிதாகும்). 40 கஜத்தில் பெரிய அட்டை வைத்துச் சுட்டு, தலை, கழுத்து அளவுக்குள் எத்தனை ரவை விழுகிறது என்று பாருங்கள். விலைப்பட்டியலைப் படிப்பதைவிட அந்த அட்டை அதிகம் சொல்லும். தோகை விரித்திருக்கையில் கழுத்து உள்ளிழுத்திருக்கும். லேசாக ஒரு குரல் கொடுத்தால் தலையை நீட்டும், அப்போது சுடுங்கள். துப்பாக்கியை நகர்த்துவது அதன் தலை மரத்துக்குப் பின்னால் மறையும்போது மட்டும்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். எல்லாரும் உடல் மறைக்கும் உடையில், பறவை போலவே குரல் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேட்டை இது. வான்கோழிச் சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம், உடல் கறுப்பு. இந்த நிறங்கள் சாக்ஸில், கைக்குட்டையில்கூட வெளியே தெரியக்கூடாது. தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள், அது பின்னால் இருந்து உங்களைக் காக்கும். கூவல் கேட்ட பக்கம் பதுங்கிப் போகாதீர்கள். அங்கே கூவுவது இன்னொரு மனிதனாக இருக்கலாம், உங்கள் அசைவைப் பார்ப்பவனும் இன்னொரு வேட்டைக்காரனாக இருக்கலாம். யாராவது வந்தால் கையசைக்காமல், அசையாமல், உரக்கப் பேசுங்கள். சுட்ட பறவையையும் பொம்மையையும் ஆரஞ்சுத் துணியில் சுற்றித் தூக்கி வாருங்கள்.

ஓசார்க் காட்டில் துப்பாக்கிக்கு அடுத்த ஆபத்து உண்ணி. லோன் ஸ்டார் என்கிற உண்ணி கடித்தால் சிலருக்கு ஆல்ஃபா-கேல் ஒவ்வாமை வரும். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி சாப்பிட்ட சில மணி நேரம் கழித்து உடல் தடிக்கும், மூச்சுத்திணறல்வரை போகலாம். ஒரு வான்கோழிக்காக வாழ்நாள் மட்டன் பிரியாணியைப் பணயம் வைக்காதீர்கள். உடையில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்துக் காயவைத்து உடுத்துங்கள், தோலில் பூசக்கூடாது. காலுறைக்குள் பேண்ட்டைச் செருகி, வீடு வந்ததும் உடல் முழுக்கத் தேடிப் பாருங்கள்.

கடைசியாக உங்கள் நண்பர். நம் ஊரில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் வேட்டை என்ற பேச்சே இல்லாததால் இந்தச் சட்டங்கள் பலருக்குப் பழக்கமில்லை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி ஹெச்-1பி போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. மாநிலம் முறைப்படி தந்த வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. மிசூரியில் துப்பாக்கி வேட்டை உரிமம் வாங்க, 1967 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர் வேட்டைக்கல்விச் சான்றிதழ் காட்ட வேண்டியிருக்கும். ஆகவே அவர் முதலில் சான்றிதழ், அடுத்து உரிமம், அதற்குப் பிறகே உங்கள் துப்பாக்கியைத் தொடுவது என்ற வரிசையில் போகட்டும். உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும் என்பதால், சொந்தமாகத் துப்பாக்கி வாங்கும் எண்ணம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. இந்த ஆண்டு வெறுங்கையோடு நோட்டம் பார்க்க வந்தாலே போதும். பைனாகுலரும் நோட்டும் அவர் கையில் இருந்தால், நீங்கள் காட்டில் தடயம் தேடும்போது அவர் மேய்ச்சல் நிலத்தைப் பார்த்துக்கொள்வார்.