பாதியில் நின்ற குயில்ட்: தீர்ந்துபோன துணியைத் தேடி வாங்கலாமா?

கேள்வி: பல வருஷங்களுக்கு முன் ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைக்க ஆரம்பித்தேன். 12 இன்ச் பிளாக் (துணித்துண்டுகளை இணைத்துத் தைத்த சதுரம்) 30 தைத்து, வரிசைக்கு ஐந்தாக ஆறு வரிசை அடுக்கி, 60க்கு 72 இன்ச் குயில்ட்டாக முடிப்பதாகத் திட்டம். 18 பிளாக்கோடு நின்றுவிட்டது. எல்லாவற்றிலும் வரும் நீலப் பூத்துணி தீர்ந்துவிட்டது, கம்பெனியும் அந்த டிசைனை நிறுத்திவிட்டது. இப்போது ஆன்லைனில் ஒருவர் அதே துணி தன்னிடம் இருக்கிறது என்கிறார். விலை மற்ற துணியைப்போல மூன்று மடங்கு. வாங்கி மீதி 12 பிளாக்கையும் தைத்துவிடட்டுமா? அந்த டிசைன் மேல் இப்போது பழைய ஆசை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: வாங்க வேண்டாம். விலைக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரே டிசைன் ஆனாலும் ஒவ்வொரு முறை சாயமேற்றும்போதும் நிறம் கொஞ்சம் மாறும். உங்கள் துணி இத்தனை வருஷம் ஓர் அலமாரியில் இருந்தது, அவருடையது வேறெங்கோ வெளிச்சம் பட்டோ படாமலோ இருந்தது. போனில் ஒன்றாகத் தெரிவது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தபிறகு இரண்டு நீலமாகத் தெரியும். அதோடு, ஆசை விட்டுப்போன டிசைனில் இன்னும் 12 பிளாக் தைக்க மூன்று மடங்கு பணம் கொடுப்பானேன்?

18 என்பது உண்மையில் நல்ல எண்ணிக்கை. பிளாக்குகளை நேராக அடுக்காமல், மூலை மேலே வரும்படி திருப்பி, டைமண்டாக அடுக்குங்கள். 12 இன்ச் சதுரத்தின் மூலைவிட்டம் ஏறக்குறைய 17 இன்ச். குறுக்கே மூன்று, நெடுக்கே நான்கு என்று 12 பிளாக் வைத்தால் அவற்றுக்கு நடுவில் விழும் இடங்களில் மீதி ஆறும் சரியாக உட்காரும். அளவு 51க்கு 68 இன்ச். சுற்றிலும் 6 இன்ச் பார்டர் வைத்தால் 63க்கு 80. முதலில் நினைத்ததைவிடப் பெரிய குயில்ட், ஒரு பிளாக்கூடப் புதிதாகத் தைக்காமல்.

ஓரங்களில் முக்கோண இடைவெளி விழும் அல்லவா, அங்கேதான் புதுத்துணி வருகிறது. பக்க முக்கோணம் பத்து, மூலைக்கு நான்கு. பக்கத்துக்கு 18¼ இன்ச் சதுரம் மூன்று வெட்டி, ஒவ்வொன்றையும் இரண்டு மூலைவிட்டத்திலும் வெட்டினால் 12 கிடைக்கும், இரண்டு மிஞ்சும். மூலைக்கு 9⅜ இன்ச் சதுரம் இரண்டு, ஒரே மூலைவிட்டத்தில் வெட்டினால் போதும். இந்த முறையை மாற்ற வேண்டாம். இப்படி வெட்டினால்தான் துணியின் நேர் இழை குயில்ட்டின் வெளி ஓரத்தில் வரும். மாறினால் ஓரம் இழுபட்டு அலை அலையாக நிற்கும்.

நிறத்துக்கு என் யோசனை: பழைய நீலத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் நீலத்தைத் தேடாதீர்கள். 'கிட்டத்தட்ட' என்பது எப்போதும் தப்பாகத்தான் தெரியும். அதைவிட நன்றாக அடர்ந்த நிறமோ நன்றாக வெளுத்ததோ எடுங்கள். பூத்துணிப் பிளாக் 18 இருக்கும்போது முக்கோணங்கள் பிளெயினாக இருப்பதே கண்ணுக்கு ஓய்வு. ஒரு பிளாக்கைக் கையோடு எடுத்துப்போய், கடை விளக்கில் அல்லாமல் வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

எவ்வளவு வாங்குவது? குயில்ட் பருத்தித் துணி சுமார் 44 இன்ச் அகலம், கரை போக 42 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா முக்கோணமும் 37 இன்ச் நீளத்துக்குள் அடங்கும், ஒன்றேகால் மீட்டர் வாங்கினால் வெட்டுப் பிழைக்கும் இடமிருக்கும். பார்டருக்கு இரண்டு மீட்டர் வாங்கி நீளவாட்டில் வெட்டுங்கள். குறைவாக வாங்கி அகலவாட்டிலும் வெட்டலாம், ஆனால் நடுநடுவே ஒட்டு வரும். நீளவாட்டில் வெட்டினால் ஒட்டே இல்லை, ஓரம் மடித்துத் தைக்கும் பட்டியும் அதே மீதியில் வந்துவிடும். பின்துணி சுற்றிலும் 4 இன்ச் கூடுதலாக, 71க்கு 88 வேண்டும். சாதாரண அகலத்தில் நாலரை மீட்டர் எடுத்து இரண்டாக வெட்டி இணைக்க வேண்டும். பின்துணிக்கென்றே 108 இன்ச் அகலத்தில் வரும் துணி என்றால் இரண்டு மீட்டர் தாராளம். மீட்டர் விலையைப் பார்த்து அகலத் துணியை ஒதுக்கிவிடாதீர்கள், மொத்த விலையைப் போட்டுப் பாருங்கள். துவைத்துவிட்டு வெட்டும் பழக்கம் இருந்தால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வாங்குமுன் பழைய பிளாக்குகளைப் பாருங்கள். தையலுக்கு விட்டதையும் சேர்த்து ஒவ்வொன்றும் 12½ இருக்க வேண்டும். நாள்விட்டு நாள் தைத்தவை ஒரே அளவாக இருப்பது அபூர்வம். சின்னதாகப் போனவற்றைச் சுற்றி மெல்லிய பட்டி வைத்துச் சரிசெய்யலாம். மடிப்பு விழுந்த இடத்தில் நிறம் வெளுத்திருக்கிறதா, தையலை இரண்டு கையாலும் இழுத்தால் நூல் தாங்குகிறதா என்றும் பாருங்கள். சாயம் போகிறதா என்று பார்க்க, அடர்ந்த நிறத் துணியின் வெட்டுத்துண்டை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, ஈரத்தோடு வெள்ளைத்துணி மேல் போட்டுக் காயவிடுங்கள். கறை ஏறினால், வெளுத்த முக்கோணம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அப்புறம் ஒன்று: தண்ணீரில் அழியும் நீலப் பேனாக் கோடு ஏதாவது இருந்தால் இஸ்திரி போட வேண்டாம். சூடு பட்டால் அது நிலைத்துவிடும். முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள்.

கேள்வி: பார்டருக்காக ஆன்லைனில் இரண்டு மீட்டர் துணி ஆர்டர் செய்தேன். அரை மீட்டராக நான்கு துண்டு வந்தது. வெட்டிய துணியைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். கேட்க முடியுமா?

பதில்: துணியை விற்ற ஆன்லைன் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பொறுத்தது. அரை மீட்டரை ஒரு யூனிட்டாக விற்பவர்கள் நிறைய. பெரும்பாலோர் நான்கு யூனிட் கேட்டால் ஒரே துண்டாக வெட்டித் தருவார்கள், அதைப் பக்கத்திலேயே சொல்லியும் இருப்பார்கள். அப்படிச் சொல்லிவிட்டுத் துண்டாக அனுப்பியிருந்தால், 'வெட்டிய துணி' என்ற சாக்கு செல்லாது. சொன்ன பொருள் வரவில்லை என்பதே உங்கள் புகார். ஆர்டர் பக்கத்தின் படத்தையும் வந்த துண்டுகளின் படத்தையும் சேர்த்து எழுத்தில் அனுப்புங்கள், போனில் பேசி முடிக்காதீர்கள். பக்கத்தில் ஒன்றும் சொல்லவில்லை என்றால் உங்கள் கை கொஞ்சம் தாழ்ந்ததுதான், ஆனாலும் கேட்டுப் பாருங்கள்.

இனி ஆர்டர் போடும்போது, ஒரே துண்டா, அகலம் எவ்வளவு, அளவு கெஜமா மீட்டரா என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். கெஜம் 36 இன்ச், மீட்டர் 39 இன்ச்சுக்குச் சற்று மேல். நாலு மீட்டர் கணக்குப் போட்டு நாலு கெஜம் வாங்கினால் ஒரு சாண் அல்ல, ஒன்றரைச் சாண் குறையும்.

கேள்வி: பழைய பேட்டிங் (குயில்ட்டின் நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு) ஒன்று பிரிக்காமல் கிடக்கிறது. அதையே போடலாமா, புதிது வாங்கட்டுமா?

பதில்: மக்கல் வாடை, மஞ்சள் திட்டு, பூச்சி அரித்த ஓட்டை எதுவும் இல்லையென்றால் தாராளமாகப் போடுங்கள். பருத்தி பேட்டிங் முதல் துவையலில் 3 முதல் 5 சதவீதம்வரை சுருங்கும், குயில்ட்டில் சின்னச் சின்னச் சுருக்கம் விழும். சிலருக்கு அதுதான் பிடிக்கும். பாக்கெட் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். தையல் வரிகளுக்கிடையே அதிகபட்சம் எத்தனை இன்ச் விடலாம் என்பது அதில்தான் இருக்கும். ஒவ்வொரு பேட்டிங்குக்கும் அது வேறு.

கேள்வி: யாரோ பாதியில் விட்ட பிளாக்குகள் மலிவாக விற்பனைக்கு வருகின்றன. வாங்கலாமா?

பதில்: ஸ்கேல் வைத்து எடுத்த படமும், பின்பக்கத் தையலின் படமும் தந்தால் வாங்கலாம். பின்பக்கத்தைக் காட்ட மறுப்பவரிடம் வேண்டாம். 'சுத்தப் பருத்தி' என்று சொன்னால், வந்ததும் ஓர் இழையை உருவித் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கெட்டியாகத் திரளும்.