டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில், தன்னை விட்டுவிட்டுப் போன அக்கா அண்ணனை ஒரு வீராங்கனை நேருக்கு நேர் சந்திக்கும் காட்சியை எப்படி நடத்துவது? சண்டையாகவா, பேச்சாகவா?

நான் சண்டையாகத்தான் திட்டமிட்டேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சார்ட் பேப்பரில் கோட்டையை வரைந்தேன். படிக்கட்டுக்கு எத்தனை கட்டம், எண்ணெய்க் கொப்பரை எந்த மூலையில், காவலர்கள் எந்தச் சுற்றில் ஓடி வருவார்கள் என்று எல்லாம் குறித்து வைத்திருந்தேன். அந்தத் தாள் இன்னும் பீரோ மேல் சுருட்டியபடியே கிடக்கிறது. ஒரு அடிகூட விழவில்லை.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு பத்தி. 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வெளியிட்ட ஆட்டம் இது. பலகை கட்டாயமில்லை, ஜெயிப்பது தோற்பது கிடையாது. ஒருவர் கதை நடத்துவார். அவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம். அவர்கள் எடுத்த காரியம் நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வரும்போது இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். அவ்வளவுதான். அடிப்படை விதிகள் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. பகடைகூடக் கட்டாயமில்லை, போனிலேயே உருட்டலாம்.

பெங்களூரில் முருகேஷ்பாளையாவில் என் வீட்டு ஹாலில் சனிக்கிழமை ராத்திரிகளில் ஆடுகிறோம். என்னோடு சேர்த்து நாலு பேர், எல்லாரும் தமிழ். ஒருத்தி மதுரை. ஒருவன் நாகர்கோவில். இன்னொருவன் இங்கே பெங்களூர் அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், எழுத வராது, விதிப் புத்தகத்தை மட்டும் வக்கீல் மாதிரி மனப்பாடம் பண்ணி வைத்திருப்பான். கதாபாத்திரங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் பொம்மைகளுக்குப் பதில் கேரம் காய்களும் புளியங்கொட்டையும்.

மதுரைக்காரியின் கதாபாத்திரத்தின் பெயர் உழிஞை. பள்ளிக்கூடத்தில் புறத்திணை படித்திருப்பீர்கள்: கோட்டையை முற்றுகையிடப் போகிறவர்கள் சூடுவது உழிஞைப் பூ, உள்ளே இருந்து காப்பவர்கள் சூடுவது நொச்சி. அவள் அந்தப் பெயரை வைத்ததும் எனக்கு வேலை மிச்சம். அக்காவுக்கு நொச்சி என்று பெயர் வைத்தேன், அண்ணனுக்கு வாகை. வெற்றிப் பூ. கொஞ்சம் குரூரம்தான், தெரிந்தே வைத்தேன்.

எங்கள் உலகத்தில் சூரியன் செத்துக்கொண்டிருக்கிறது. ராத்திரியானால் வானத்திலிருந்து சாம்பல் விழும், சாம்பலோடு செத்தவர்களும் நடந்து வருவார்கள். அப்படி ஒரு ராத்திரி ஊர் எரிகிறது. காய்ச்சலில் கிடக்கும் ஏழு வயது உழிஞையை நெல் குதிருக்குள் இறக்கி, மூடியைச் சாத்திவிட்டு, காலையில் வருகிறோம் என்று அக்காவும் அண்ணனும் போய்விடுகிறார்கள். வரவில்லை. உழிஞை எப்படிப் பிழைத்தாள், பாதி முகம் ஏன் சாம்பல் நிறமானது என்பதெல்லாம் தனிக் கதை. இருபது வருஷம் கழித்து அந்த அக்காவும் அண்ணனும் ஒரு கோட்டைக்குச் சொந்தக்காரர்கள். கோடரியோடு வாசலில் வந்து நிற்கிறாள் தங்கை.

உங்கள் கேள்விக்கு இங்கேதான் பதில் ஆரம்பிக்கிறது.

உழிஞை பார்பேரியன் என்ற முரட்டு வீரர் வகை. அந்த வகைக்கு உயிரே சீற்றம்தான், விதியில் ரேஜ் என்று பெயர். ரேஜ் ஏறினால் அடி பலமாக விழும், வாங்குகிற அடி பாதியாகும். அதிகபட்சம் ஒரு நிமிஷம், அதாவது ஆட்டக் கணக்கில் பத்துச் சுற்று. ஆனால் 2014 பதிப்பின் விதியில் ஒரு கொக்கி உண்டு. உங்கள் முறை முடிவதற்குள் எதிரிகளில் யாரையாவது நீங்கள் தாக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் அடி வாங்கியிருக்க வேண்டும். இரண்டுமே இல்லையென்றால் சீற்றம் தானாக வடிந்துவிடும். (2024-இல் வந்த புதுப் பதிப்பில் கூடுதலாகக் கிடைக்கும் ஒரு சின்னச் செயலை, அதாவது ஒரு போனஸ் ஆக்‌ஷனைச் செலவழித்து இழுத்துப் பிடிக்கலாம். நாங்கள் இன்னும் பழசில்தான் ஆடுகிறோம். இந்த ஒரு விஷயத்துக்காகவே பழசு எனக்குப் பிடிக்கும்.)

யாருக்கு முதல் முறை என்று முடிவு செய்ய இனிஷியேட்டிவ் உருட்டினோம், உழிஞைக்குத்தான் வந்தது. ரேஜ் என்றாள். வாசலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். சிவப்புக் காய்தான் நொச்சி. தன் காயை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். கோடரியை ஓங்கினேன் என்றாள். நான் பகடைக்காகக் காத்திருந்தேன். அவள் உருட்டவில்லை.

"அடிக்கல. என் முறை முடிஞ்சுது."

நொச்சி ஆயுதத்தை எடுக்க மாட்டாள் என்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன். முதல் அடி தங்கையுடையதாக இருக்கட்டும் என்று. அதனால் நானும் அடிக்கவில்லை. ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. அல்சூர்க்காரன் மட்டும் புத்தகத்தைப் புரட்டிவிட்டு மெதுவாகச் சொன்னான்: "மச்சா, ரேஜ் போச்சு."

சிரித்துவிட்டோம். ஆனால் அதற்கப்புறம் அவள் கையில் சீற்றம் இல்லை, வெறும் கோடரிதான் இருந்தது. சீற்றம் இருக்கும் வரைக்கும் யாரும் கேட்காத கேள்விகள் அது வடிந்த பிறகுதான் வாயில் வருகின்றன. இதை நான் திட்டமிட்டேன் என்று சொன்னால் பொய்.

நான் நொச்சிக்கும் வாகைக்கும் நன்றாக வசனம் தயார் பண்ணி வைத்திருந்தேன். உன்னைக் காப்பாற்றத்தானே குதிருக்குள் வைத்தோம். காய்ச்சல்காரியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் மூன்று பேரும் செத்திருப்போம். திரும்பி வரலாம் என்று பார்த்தோம், வழியெல்லாம் சாம்பல். எல்லாமே நியாயமான காரணங்கள். வாகைக்காகப் பெர்சுவேஷன், அதாவது பேசி நம்பவைக்கும் திறமைக்குப் பகடை உருட்டினேன், பகடையோடு அவன் திறமைப் புள்ளியையும் கூட்டிப் பார்த்தால் இருபத்தொன்று. நல்ல எண்.

"நீங்க உருட்டிக்கங்க. நான் நம்பல" என்றாள். சரிதான். ஆட்டக்காரரின் கதாபாத்திரம் எதை நம்ப வேண்டும் என்று டிஎம் பகடை தீர்மானிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

அப்புறம் தன் நோட்டைத் திறந்தாள். நாற்பது பக்க ரூல் போட்ட சாதா நோட்டு. ஆட்டம் தொடங்கிய முதல் ராத்திரியில் நான் சொன்னதை எல்லாம் அதில் எழுதி வைத்திருந்தாள். உழிஞையாகவே பேசினாள்.

"குதிருக்கு அடியில நெல்லு எடுக்க ஒரு துளை இருக்கும். அது வழியா உங்க காலு மட்டும் தெரிஞ்சுது. வெறுங்காலு. செருப்பக் கையில எடுத்துக்கிட்டுப் போனீங்க, சத்தம் வரக் கூடாதுன்னு. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். உங்களுக்குத் தெரியுமா?"

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனதாக நான் சொன்னது எனக்கே ஞாபகம் இல்லை. சொல்லியிருக்கிறேன், நோட்டில் தேதி போட்டு இருக்கிறது. ஏன் சொன்னேன் என்பது மட்டும் அந்த நிமிஷத்தில் விளங்கிவிட்டது.

எங்களுக்குத் தர்மபுரிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. 1998-இல் என்னையும் அண்ணனையும் இங்கே கூட்டிவந்து பள்ளியில் சேர்த்தார். அம்மாவும் சித்தாள் வேலைக்கு வந்துவிட்டாள். ஈஜிபுராவில் ஷீட் போட்ட ஒற்றை அறை. பொம்பளப் புள்ளையைப் பகல் முழுக்க அந்த அறையில் யார் பார்த்துக்கொள்வது என்று ஐந்து வயதுத் தங்கச்சியை ஊரிலேயே பாட்டியிடம் விட்டோம். அடுத்த வருஷம் கூட்டிக்கொண்டு போகிறோம் என்றோம். அந்த அடுத்த வருஷம் வர ஒன்பது வருஷம் ஆனது. எங்கள் காரணங்களும் நியாயமானவைதான். இன்றைக்கும் நான் அவற்றை வரிசையாகச் சொல்வேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போவோம். திரும்பும்போது அவள் அழுவாள் என்று விடிவதற்கு முன்பே முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவோம். அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அம்மா ஒயர் கூடையை இடுப்பில் அணைத்துக்கொள்வாள். நானும் அண்ணனும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் தாண்டி, புளியமரத்துக்குப் பக்கத்தில் போய்த்தான் போடுவோம்.

மதுரைக்காரிக்கு இது எதுவும் தெரியாது. யாரிடமும் நான் சொன்னதில்லை. சொல்வதற்கு ஒரு கதை இருப்பதாகவே நினைத்ததில்லை.

"டீ போட்டுட்டு வரேன்" என்று எழுந்துவிட்டேன். நாலு பேருக்கு டீ போட எனக்கு இருபது நிமிஷம் ஆனது.

எங்கள் மேஜையில் ஒரு எக்ஸ் கார்டு இருக்கும். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்பவர் உருவாக்கிய முறை. ஒரு அட்டையில் எக்ஸ் என்று எழுதி நடுவில் வைத்துவிட வேண்டும். ஆட்டத்தில் வருவது யாருக்காவது தாங்க முடியவில்லை என்றால் அதைத் தொட்டால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை, அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். எங்களுடையது பழைய விசிட்டிங் கார்டின் பின்பக்கம் பேனாவால் போட்ட எக்ஸ். உங்கள் மேஜையிலும் கட்டாயம் வையுங்கள். ஆட்டக்காரர்களுக்காகத்தான் அது என்று நான் நினைத்திருந்தேன். டீயோடு திரும்பி வந்தபோது அந்தக் கார்டு நடுவில் இல்லை. என் பக்கம், என் பகடைகளுக்கு அருகில் இருந்தது. யார் நகர்த்தினார்கள் என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

தொடவில்லை. டம்ளர்களை வைத்துவிட்டு, நொச்சியாகப் பதில் சொன்னேன்.

"தெரியும். துளைக்கு வெளிய உன் விரல் தெரிஞ்சுது. அசைஞ்சுது."

தயார் செய்த வசனத்தில் இது இல்லை. அதற்கு நேர்மாறானதுதான் இருந்தது: நீ தூங்கிக்கொண்டிருந்தாய் என்று நினைத்தோம் என்று. ஊரில் நான் கண்டது போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கால் கட்டைவிரல். தூங்குகிறவர்கள் விரலை அப்படி மடக்கிப் பிடித்துக்கொள்ள மாட்டார்கள்.

மதுரைக்காரி ரொம்ப நேரம் யோசித்தாள். அப்புறம் கோடரியைக் கீழே வைத்தாள், இல்லை, கீழே போட்டாள். தூக்கி எறிந்தால் எத்தனை அடி போகும் என்று அல்சூர்க்காரன் கணக்குப் போட ஆரம்பித்ததும் அவனை முறைத்தாள். உழிஞை சொன்னது இது:

"இன்னைக்கு ராத்திரி இங்க தங்குறேன். நீங்க ரெண்டு பேரும் தூங்குங்க. விடியறதுக்குள்ள நான் போயிருவேன். ஆனா செருப்பு போட்டுக்கிட்டுத்தான் போவேன். சத்தம் கேக்கட்டும்."

அடுத்த வாரம் அந்த ராத்திரியைத்தான் ஆடினோம். இரும்பு லாடம் அடித்த காலணியோடு கல் படிக்கட்டில் உழிஞை இறங்கிப் போனாள். ஒவ்வொரு படிக்கும் மேஜையை ஒரு தட்டுத் தட்டினேன். நாற்பத்திரண்டு படி. நொச்சியும் வாகையும் படுத்தபடி கண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள். யாரும் எழுந்து போய்க் கூப்பிடவில்லை. கூப்பிடலாமா என்று நாகர்கோவில்காரன் என்னிடம் ஜாடையில் கேட்டான், நான் தலையசைக்கவில்லை. சண்டை நடக்காவிட்டாலும் எல்லாருக்கும் ஒரு லெவல் ஏற்றிக் கொடுத்தேன்.

ஆக, உங்கள் அடுத்த சனிக்கிழமைக்கு: வரைபடம் வரையுங்கள், எண்ணெய்க் கொப்பரையையும் வையுங்கள், சண்டைக்கான எண்கள் கையில் இருக்கட்டும். விட்டுவிட்டுப் போனவர்களுக்குக் காரணங்களைத் தயார் செய்யுங்கள், எவ்வளவு நல்ல காரணங்களாக இருக்க முடியுமோ அவ்வளவு. அந்த ராத்திரி கண்ணில் பட்டது காதில் கேட்டது எல்லாம் உங்கள் ஆட்டக்காரரின் பக்கம் இருக்கட்டும். முதல் நாள் நீங்கள் சொன்னதை அவர் எழுதி வைத்திருப்பார். நீங்கள் மறந்திருப்பீர்கள். அதைத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள், மறந்தவராகவே போய் உட்காருங்கள். அக்காவும் அண்ணனும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

தங்கச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினேன். தர்மபுரியிலேயே இருக்கிறாள், பையன் ஆறாம் வகுப்பு. வாரா வாரம் பேசுகிறவர்கள்தான் நாங்கள், சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. மழை, பையனின் பல் வலி, ரேஷன் கடை என்று போய்க்கொண்டிருந்த பேச்சின் நடுவே கேட்டுவிட்டேன்: பொங்கல் முடிந்து நாங்கள் விடிகாலையில் கிளம்புவோமே, அப்போது நீ முழித்துக்கொண்டுதான் இருந்தாயா?

பின்னால் குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"எந்த வருசத்தைக் கேக்குறண்ணா?"