மதிப்பெண் தாளும் டைமரும் கற்றுத்தருபவை: பிராக்டிகல் பிஸ்டல் போட்டியாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இடம் மாறியபடி பல இலக்குகளை வேகமாகவும் துல்லியமாகவும் சுடும் பிராக்டிகல் பிஸ்டல் போட்டிகளில் ஓரளவு பழகிவிட்ட வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, போட்டி முடிந்த பிறகு தம் ஆட்டத்தை எப்படி ஆராய்வது என்பதைச் சுற்றியே அமைந்திருந்தன. ஐபிஎஸ்சி (சர்வதேச பிராக்டிகல் ஷூட்டிங் கூட்டமைப்பு) விதிகளின்படி நடக்கும் போட்டிகளை மனத்தில் கொண்டு அவற்றுக்குப் பதில் தருகிறேன்.

கேள்வி: முடிவுப் பட்டியல் வந்ததும் நான் எத்தனையாவது இடம் என்றுதான் பார்க்கிறேன். கற்றுக்கொள்ள விரும்புபவர் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

இடத்தைப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அது உங்களைப் பற்றிச் சொல்வதைவிட அன்று யார் யார் வந்திருந்தார்கள் என்பதைப் பற்றியே அதிகம் சொல்லும். முதலில் ஒவ்வொரு ஸ்டேஜிலும் (போட்டியின் தனித்தனிச் சுற்றிலும்) மிஸ் (இலக்கில் படாத குண்டு), நோ-ஷூட் (சுடக்கூடாத இலக்கில் பட்டது), புரொசீஜரல் (நடைமுறை மீறல்) ஆகிய மூன்றையும் தனியே எடுத்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளிகள் கழிக்கப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மிஸ் ஆன குண்டு ஆல்ஃபாவில் (இலக்கின் நடுப்பகுதியில்) விழுந்திருந்தால் கிடைத்திருக்கும் 5 புள்ளிகளும் சேர்ந்து போவதால் உண்மையான இழப்பு 15 என்பதையும், இலக்கைத் தவறவிட்ட அதே குண்டு நோ-ஷூட்டில் பட்டிருந்தால் இழப்பு 25 என்பதையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

இதை நேரமாக மாற்றிப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும். 24 குண்டுகள் கொண்ட ஒரு ஸ்டேஜில் முழுப் புள்ளிகள் 120. அதை 20 விநாடியில் முடித்தால் ஹிட் ஃபேக்டர் (புள்ளிகளை நேரத்தால் வகுத்த எண்) 6. அதே நேரத்தில் ஒரே ஒரு மிஸ் இருந்தால் புள்ளிகள் 105 ஆகி, ஹிட் ஃபேக்டர் 5.25 ஆகிவிடும். அந்த ஒரு மிஸ்ஸை ஈடுகட்ட நீங்கள் 17.5 விநாடியில் முடித்திருக்க வேண்டும். அந்த இலக்கில் இன்னொரு குண்டு சுட அரை விநாடிகூட ஆகியிருக்காது. இரண்டரை விநாடியை ஓடிச் சேமிப்பதோ மிகக் கடினம்.

அடுத்து, ஸ்டேஜின் அளவைப் பாருங்கள். 12 குண்டு ஸ்டேஜின் மதிப்பு 60 புள்ளிகள், 32 குண்டு ஸ்டேஜின் மதிப்பு 160. சிறிய ஸ்டேஜில், அதை வென்றவரின் ஹிட் ஃபேக்டரில் 50 விழுக்காடு எடுத்தவர் இழப்பது 30. பெரிய ஸ்டேஜில் 80 விழுக்காடு எடுத்தவர் இழப்பது 32. மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும் ஸ்டேஜும் உங்களைப் பின்னுக்குத் தள்ளிய ஸ்டேஜும் பெரும்பாலும் வேறுவேறாக இருப்பதற்கு இதுவே காரணம்.

கேள்வி: ஸ்டேஜ் மிக வேகமாக ஓடியதுபோல் தோன்றியது. டைமரைப் பார்த்தால் என்னைவிட நிதானமாகச் சுட்டவர் 3 விநாடி முன்னால் இருக்கிறார். எப்படி?

இந்தக் கேள்வியில்தான் இந்த விளையாட்டின் பாதிப் பாடம் இருக்கிறது என்று கருதுகிறேன். குண்டுகள் அடுத்தடுத்து வெடிக்கும்போது வேகம் என்ற உணர்வு கிடைக்கிறது. ஆனால் நேரம் கரைவது குண்டு எதுவும் வெடிக்காத இடைவெளிகளில். ஒரே இலக்கில் சுடும் இரண்டு குண்டுகளுக்கு இடைப்பட்ட நேரத்தை 0.25 விநாடியிலிருந்து 0.20-க்குக் குறைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 16 காகித இலக்குகள் கொண்ட பெரிய ஸ்டேஜில் அதனால் மிச்சமாவது மொத்தம் 0.8 விநாடி. நான்கு முறை இடம் மாறும்போது ஒவ்வொன்றிலும் அரை விநாடி வீணானால் போவது 2 விநாடி.

நண்பர் ஒருவரிடம் சொல்லி உங்கள் ஓட்டத்தைப் பக்கவாட்டிலிருந்து, கால்கள் தெரியும்படி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இடமும் முறையும் பற்றி ரேஞ்ச் ஆபீசரிடம் (ஓட்டத்தை மேற்பார்வையிடும் நடுவரிடம்) முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நிலையில் கடைசிக் குண்டு வெடித்த கணத்திலிருந்து அடுத்த நிலையில் முதல் குண்டு வெடிக்கும் கணம் வரை உள்ள பகுதியை மட்டும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலானவர்களிடம் காண்பது இதுதான்: நிலையை நெருங்கும்போது துப்பாக்கி வயிற்றருகே தாழ்ந்திருக்கிறது, இரண்டு கால்களும் தரையில் ஊன்றிய பிறகே கைகள் நீள்கின்றன, அதன் பின் முன்குறி (துப்பாக்கி முனையில் உள்ள குறிகாட்டி) கண்ணுக்கு வந்து, நிலைகொண்டு, அப்புறம்தான் விசை அழுத்தப்படுகிறது. உங்களுக்கு நிதானமாகத் தெரிந்த அந்தப் போட்டியாளரோ, கடைசி இரண்டு அடிகளிலேயே துப்பாக்கியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, இலக்கு திறந்து தெரிந்தவுடன், பின்கால் இன்னும் ஊன்றாத நிலையிலேயே முதல் குண்டைச் சுட்டிருப்பார். அவர் வேகமாக ஓடவில்லை. வந்து சேர்ந்தபோது தயாராக இருந்தார், அவ்வளவே.

டைமரில் ஒவ்வொரு குண்டின் நேரமும் பதிவாகியிருக்கும். பயிற்சியில் அந்த எண்களை வரிசையாகப் பார்த்து, பெரிய இடைவெளிகளை மட்டும் வட்டமிடுங்கள். உங்கள் அடுத்த மாதப் பயிற்சி அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: புரொடக்‌ஷன் பிரிவில் (பெரிய மாற்றங்கள் செய்யாத துப்பாக்கிகளுக்கானது) சுடுகிறேன். சார்லி (ஆல்ஃபாவை அடுத்த பகுதி) அதிகம் விழுகிறது. வேகத்தைக் குறைக்கட்டுமா?

எந்த ஸ்டேஜில் விழுகிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. புரொடக்‌ஷனில் எல்லோருக்கும் மைனர் (குறைந்த ஆற்றல் தோட்டாவுக்கான) மதிப்பீடு என்பதால் ஆல்ஃபாவுக்கு 5, சார்லிக்கு 3, வெளிப்பகுதியான டெல்டாவுக்கு 1. ஆகவே ஒரு சார்லியால் போவது 2 புள்ளிகள். ஹிட் ஃபேக்டர் 10 வரும் கிட்டத்து ஸ்டேஜில் அந்த 2 புள்ளிகளின் விலை 0.2 விநாடி, ஹிட் ஃபேக்டர் 4 வரும் தூரத்து ஸ்டேஜில் அதுவே அரை விநாடி. முதலாவதில் சார்லிகளைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவதில் இன்னும் சற்று நேரம் குறி பார்த்திருப்பதே ஆதாயம். உங்கள் சார்லிகள் தூரத்து இலக்குகளிலும் பாதி மறைக்கப்பட்ட இலக்குகளிலும் குவிந்திருந்தால், எல்லா இலக்குகளையும் ஒரே தாளத்தில் சுடுகிறீர்கள் என்று பொருள். மாறாக, போட்டி முழுவதும் ஆல்ஃபாவாகவே விழுந்து, நேரத்தில் மட்டும் பின்தங்கினால், தேவைக்கு மேல் குறி பார்க்கிறீர்கள் என்பதற்கு அதுவே அடையாளம்.

இலக்கருகே சென்று பார்ப்பதற்கு முன்பே எந்தக் குண்டு சார்லி என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்பதையும் குறித்துவையுங்கள். குண்டு வெடித்த கணத்தில் முன்குறி எங்கே நின்றது என்று கண்டவருக்கு இலக்கு புதிய செய்தி எதையும் தராது. தெரிந்தே விட்ட சார்லி ஒரு முடிவு. தெரியாமல் விழுந்த சார்லி, கண் அந்தக் கணத்தில் துப்பாக்கியில் இல்லை என்பதற்குச் சான்று. இவ்விரண்டுக்கும் மருந்து வேறு.

கேள்வி: பஸ்ஸர் ஒலித்ததும் திட்டம் மறந்துவிடுகிறது. ஒரு இலக்கையே விட்டுவிட்டேன்.

திட்டம் நினைவில் நிற்காததற்குப் பெரும்பாலும் பதற்றம் காரணமல்ல; திட்டம் முழுமையாக முடிவாகவில்லை என்பதே காரணம். ஸ்டேஜைச் சுற்றிப் பார்க்கக் கிடைக்கும் நேரத்தின் கடைசி நிமிடத்திலும் ரீலோடை (தோட்டாக்கள் அடுக்கிய மேகசினை மாற்றுவதை) எங்கே வைப்பது என்று மாற்றிக்கொண்டிருப்பவர், ஓட்டத்தின் நடுவிலும் அதையே யோசித்துக்கொண்டிருப்பார். கண்ணை மூடி, ஒவ்வொரு நிலையிலும் எந்த இலக்கு முதலில், எந்த இலக்கு கடைசியில் என்று தடங்கலின்றி மனத்தில் ஓட்ட முடிகிற வரை நீங்கள் தயார் இல்லை. சுட்டு முடித்த பிறகு, நீங்கள் போட்ட திட்டம் தவறா, சரியான திட்டத்திலிருந்து விலகினீர்களா என்பதை அன்றே எழுதிவையுங்கள். மறுநாள் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும்.

கேள்வி: ரீலோடின்போது விரல் விசைக்காப்புக்குள் (விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்குள்) இருந்ததாகச் சொல்லி டிஸ்குவாலிஃபை செய்து, போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். எனக்கு அப்படி நினைவில்லை.

உங்களுக்கு நினைவில்லை என்பதுதான் மிக முக்கியமான தகவல். உணர்வில் பதியாத பழக்கமே ஆபத்தானது; ரேஞ்ச் ஆபீசர் அதைக் கண்டு சொன்னதற்கு நன்றி பாராட்டுங்கள். விதி தெளிவானது: நகரும்போதும், ரீலோடு செய்யும்போதும், அடைப்பை நீக்கும்போதும் விரல் விசைக்காப்புக்கு வெளியே கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். ட்ரை ஃபயர் (தோட்டா இல்லாமல் செய்யும்) பயிற்சியில், தோட்டாக்கள் எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு ரீலோடிலும் விரல் துப்பாக்கியின் உடற்பகுதியைத் தொடுவதை உணர்ந்த பிறகே மேகசினை வெளியேற்றுங்கள். அது தானாக நடக்கும் வரை ரீலோடு நேரத்தை அளக்கவே வேண்டாம்.

கேள்வி: ஓபன் பிரிவில் சுடும் நண்பரோடு என் நேரங்களை ஒப்பிடலாமா?

சுடும் நேரங்களை ஒப்பிடுவதால் பயனில்லை. துப்பாக்கி மேலெழுவதைக் குறைக்கும் கம்பென்சேட்டரும், குறி பார்க்க ஒளிப்புள்ளி காட்டும் டாட்டும், பெரிய மேகசினும் உள்ள துப்பாக்கி வேறு கணக்கு. ஆனால் அவர் எந்த நிலைகளில் நின்றார், எந்த வழியாக நகர்ந்தார் என்பதை ஒப்பிடலாம்.

கேள்வி: துப்பாக்கி அடைத்துக்கொண்டதால் ஒரு ஸ்டேஜ் பாழானது. இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. போட்டியாளரின் சொந்தத் துப்பாக்கி அல்லது தோட்டாவின் கோளாறுக்கு மறு ஓட்டம் கிடைக்காது என்பதால், கருவியைப் பேணுவதும் ஆட்டத்தின் ஒரு பகுதியே. மேகசின்கள் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிவையுங்கள். அடைப்பு நேர்ந்தவுடன் அந்த எண்ணையும், எத்தனையாவது குண்டு என்பதையும், தோட்டா உள்ளே ஏறாமல் நின்றதா, வெற்றுக் கூடு வெளியேறாமல் சிக்கியதா என்பதையும் குறியுங்கள். ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் அந்த மேகசினைப் போட்டிப் பையிலிருந்து எடுத்துவிட்டு, அதன் ஸ்பிரிங்கையும் வாய்ப்பகுதியையும் சோதியுங்கள். எண்கள் மாறி மாறி வந்தால் தோட்டாவையோ, துப்பாக்கியில் வெற்றுக் கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரையோ சந்தேகிக்க வேண்டும்.